மாணவர் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் மறுசோதனை எண் இடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

அதே பிள்ளைகள், அதே படிவம், இரண்டு தடவை நிரப்பியாகிவிட்டது. இரண்டு தடவை சொன்ன பதிலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண், அதாவது மறுசோதனை எண், மோசமாக வந்திருக்கிறது. இந்த இடத்தில் பலரும் 'பிள்ளைகள் என்றால் மாற்றி மாற்றித்தான் சொல்வார்கள்' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் படிவத்தையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். ஒரு மறுசோதனை எண் குறைய படிவம் மட்டும்தான் காரணம் என்றில்லை. தரவைக் கோத்த விதம், இரண்டு சுற்றுக்கும் நடுவில் விட்ட இடைவெளி, நீங்கள் தேர்ந்தெடுத்த சூத்திரம், வகுப்பில் யார் நின்றார்கள், பிள்ளையின் வயது என்று எல்லாமே அந்த ஒற்றை எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கேள்வியைத் திருத்தினால் நல்ல கேள்வி போய்விடும், கெட்டது அப்படியே இருக்கும்.

இந்தக் கணக்கெடுப்புகளை வைத்துத்தான் எந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போதவில்லை, எங்கே உதவி போக வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாக, செலவு குறைந்த பரிசோதனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் அறிகுறியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

அறிகுறி: எல்லாக் கேள்விக்கும் எண் தரைமட்டம்

ஒரு சில கேள்விகள் சொதப்புவது சகஜம். எல்லாமே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள்மேல் சந்தேகப்படாதீர்கள், கோத்ததில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் 23ஆம் எண் பிள்ளையின் தாளோடு இரண்டாம் சுற்றில் வேறொரு பிள்ளையின் தாள் சேர்ந்திருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். மாறவே மாறாத விவரங்களை, அதாவது பிறந்த தேதி, ஆணா பெண்ணா, உடன்பிறந்தவர் எத்தனை பேர் என்பதை, இரண்டு சுற்றிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதி பத்தில் மூன்று பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் காலை உணவுக் கேள்வியின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய இரண்டு பேர், இடையில் ஒருவர் வராமல் போனதால் ஒரு வரிசை நகர்ந்துவிட்ட எக்செல் தாள், பெயர் வேண்டாம் என்று கொடுத்த ரகசியக் குறியீட்டைப் பிள்ளைகளே மறந்துவிட்டு வேறு எழுதியது, இவைதான் வழக்கமான காரணங்கள். எக்செல்லில் ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு மற்ற பத்திகளை அப்படியே விட்டுவிடுவதும் இதே விளைவைத்தான் தரும்.

கூடவே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 'தினமும்' என்பதற்கு ஒரு சுற்றில் 1 என்றும் மறு சுற்றில் 5 என்றும் குறியீடு போட்டிருந்தால் ஒட்டுறவு (இரண்டு சுற்றின் பதில்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று -1 முதல் 1 வரை சொல்கிற எண்) எதிர்க்குறியோடு வரும். அப்படி எதிர்க்குறியில் பெரிய எண் வந்தால் சந்தோஷப்படுங்கள், அது ஐந்து நிமிடத்தில் சரியாகிற பிழை.

அறிகுறி: 'நேற்று' என்று கேட்ட கேள்விகள் மோசம், 'வழக்கமாக' என்று கேட்டவை பரவாயில்லை

இதுதான் அதிகம் பேர் தவறாகப் படிக்கிற அறிகுறி, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'நேற்று எத்தனை தடவை பழம் சாப்பிட்டாய்?' என்று ஒரு செவ்வாய்க்கிழமை கேட்கிறீர்கள். பிள்ளை 2 என்று எழுதுகிறது. இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அதே கேள்வியைக் கேட்கிறீர்கள், இப்போது 0. முதல் பதில் ஒரு பள்ளி நாளைப் பற்றியது, இரண்டாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. இரண்டுமே நூற்றுக்கு நூறு உண்மையாக இருக்கலாம். ஆனால் உங்கள் கணக்கு அதைப் 'பொருந்தாமை' என்று எழுதிக்கொள்கிறது. பிள்ளை சரியாகச் சொல்லியிருக்கிறது, படிவம் சரியாகக் கேட்டிருக்கிறது, நடுவில் விட்ட இடைவெளிதான் தப்பு.

கேள்வி எந்தக் காலத்தைக் கேட்கிறதோ அந்தக் காலம் இரண்டு சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 'நேற்று' என்று கேட்டால் மறுசோதனையும் அதே நாளில்தான் நடக்க வேண்டும், காலையில் ஒரு தடவை, சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அப்போது இரண்டு பதிலும் அதே நேற்றைப் பற்றியதாக இருக்கும். இதில் ஒரு குறை உண்டு: பிள்ளை நேற்றைய சாப்பாட்டை நினைவுகூராமல், காலையில் எழுதிய பதிலையே நினைவுகூர்ந்து எழுதலாம், அதனால் எண் கொஞ்சம் ஊதித் தெரியும். நடுவில் வழக்கமான பாடங்கள் நடக்கட்டும், இரண்டாம் தடவை கேள்விகளின் வரிசையை மாற்றிக் கொடுங்கள், முதல் தாளைத் திருப்பி வாங்கிவிடுங்கள். அப்போதும் அந்த ஊதல் முழுக்கப் போகாது, அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டியதுதான்.

'வழக்கமாக' என்று கேட்கிற பழக்கக் கேள்விகளுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் என்பது பலரும் பின்பற்றுகிற இடைவெளி. அதைவிடக் குறைத்தால் பழைய பதில் ஞாபகம் இருக்கும், அதிகமாக நீட்டினால் பழக்கமே மாறிவிடும். நடுவில் விடுமுறை, தேர்வு, பள்ளியில் உணவு பற்றிய பாடம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றும் வாரத்தின் ஒரே கிழமையில் நடக்கட்டும். முக்கியமாக, ஊட்டச்சத்து அறிவை மதிப்பிடுகிற கேள்விகள் இருந்தால், முதல் சுற்று முடிந்ததும் பிள்ளைகள் தங்களுக்குள் 'நீ என்ன போட்டாய்' என்று பேசிக்கொள்வார்கள், இரண்டாம் சுற்றில் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறிவிடும். அது கற்றல். அதைப் பிழைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதோடு குழப்பிக்கொள்கிற இன்னொரு விஷயம், ஒரு நாள் சாப்பாட்டை வைத்து ஒரு பிள்ளையின் வழக்கமான உணவைச் சொல்ல முடியுமா என்பது. முடியாது, ஏனென்றால் நாளுக்கு நாள் சாப்பாடு மாறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாளுக்கான நம்பகத்தன்மை 0.3 என்று வைத்துக்கொண்டால், அளக்கிற தடவைகளைக் கூட்டினால் நம்பகத்தன்மை எவ்வளவு ஏறும் என்று சொல்கிற ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி இரண்டு நாள் சராசரிக்கு அது 0.46, மூன்று நாளுக்கு 0.56, நான்கு நாளுக்கு 0.63, ஏழு நாளுக்கு 0.75. ஒவ்வொரு பிள்ளையையும் தரம் பிரிக்க வேண்டும் என்றால் இத்தனை நாள் தேவை. ஒரு வகுப்பின், ஒரு வட்டாரத்தின் சராசரி மட்டும் போதும் என்றால் வாரத்தின் நாட்களெல்லாம் சமமாகப் பங்குபெறும்படி ஆளுக்கு ஒரு நாள் கேட்டாலே போதும். எது உங்கள் தேவை என்று முதலிலேயே முடிவு செய்யாமல் எண் போதவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

அறிகுறி: நூற்றுக்கு 92 பேர் ஒரே பதில், ஆனால் கப்பா 0.29

கப்பா என்பது, தற்செயலாகவே பொருந்தியிருக்கக்கூடியதைக் கழித்துவிட்டு மிஞ்சுகிற பொருத்தத்தைச் சொல்கிற அளவு; முழுப் பொருத்தம் என்றால் 1. படிவம் சரியாக இருக்கும்போதும் இது வரும். கையால் போட்டே பார்க்கலாம். 100 பிள்ளைகளிடம் 'இன்று காலை சாப்பிட்டாயா?' என்று அதே நாளில் இரண்டு தடவை கேட்கிறோம். இரண்டு தடவையும் 'ஆம்' 90 பேர், இரண்டு தடவையும் 'இல்லை' 2 பேர், 'ஆம்' என்று சொல்லிப் பிறகு 'இல்லை' 4 பேர், 'இல்லை' என்று சொல்லிப் பிறகு 'ஆம்' 4 பேர். பொருத்தம் 92 சதவீதம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 94 பேர் 'ஆம்' என்பதால் வெறும் தற்செயலாகவே 88.7 சதவீதம் பொருந்தியிருக்கும் என்கிறது கப்பாவின் கணக்கு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது 0.29தான்.

இதே 92 சதவீதப் பொருத்தம், ஆனால் 'ஆம்' பாதி 'இல்லை' பாதி (46, 46, 4, 4) என்று இருந்தால் கப்பா 0.84. பிள்ளைகள் தடுமாறிய எண்ணிக்கை இரண்டிலும் 8தான். ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்த இந்த அளவு, ஒரே பக்கம் சாய்ந்த பதில்களில் இப்படித்தான் நடந்துகொள்ளும். 1990இல் ஃபைன்ஸ்டைனும் சிச்செட்டியும் இதை எடுத்து எழுதினார்கள். அதனால் கப்பாவை மட்டும் தனியாக அச்சிடாதீர்கள். பக்கத்திலேயே பொருத்தச் சதவீதத்தையும், நான்கு கட்டத்தின் எண்ணிக்கையையும் கொடுங்கள்.

அதற்காகக் கப்பா பொய் சொல்கிறது என்று ஒதுக்கவும் கூடாது. மேலே உள்ள உதாரணத்தில் முதல் சுற்றில் 'சாப்பிடவில்லை' என்று சொன்னவர்கள் 6 பேர், அதில் மறுபடியும் அதையே சொன்னவர்கள் 2 பேர் மட்டும். உங்கள் கணக்கெடுப்பின் நோக்கமே பசியோடு வருகிற பிள்ளையைக் கண்டுபிடிப்பது என்றால், அந்த 6 பேரில் யார் உண்மையிலேயே சாப்பிடாதவர் என்று இந்தக் கேள்வியால் சொல்ல முடியவில்லை. 92 என்ற அழகான சதவீதம் அதை மறைத்துவிடுகிறது. கப்பா அதைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

லாண்டிஸ், கோக் இருவரும் 1977இல் போட்ட எல்லைகளை (0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61 முதல் 0.80 வரை கணிசம், அதற்கு மேல் ஏறக்குறைய முழுப் பொருத்தம்) எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். வசதிக்காக வைத்த கோடுகள்தான் அவை. 'ஒருபோதும் இல்லை, சில நாள், பல நாள், தினமும்' மாதிரி படிப்படியான பதில்கள் இருந்தால் எடையிட்ட கப்பா (சின்ன விலகலுக்குக் குறைவாகவும் பெரிய விலகலுக்கு அதிகமாகவும் கழிக்கிற வகை) போடுங்கள். 'பல நாள்' என்பதிலிருந்து 'தினமும்' என்று நகர்வதும், 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'தினமும்' என்று தாவுவதும் ஒரே அளவு பிழை இல்லையே.

அறிகுறி: ஒட்டுறவு 0.9, ஆனால் இரண்டு சுற்றின் சராசரியும் ஒத்துப்போகவில்லை

எல்லாப் பிள்ளைகளும் இரண்டாம் தடவை சரியாக ஒரு தடவை குறைத்துச் சொன்னால் பியர்சன் ஒட்டுறவு 1 என்றே வரும். இரண்டு சுற்றின் எண்களும் நேர்கோட்டில் சேர்ந்து நகர்கின்றனவா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது, இரண்டும் சமமா என்று பார்ப்பதில்லை. உணவுப் பட்டியல் நீளமாக இருக்கும்போது இரண்டாம் சுற்றில் சலிப்பில் எண்கள் இறங்குவது அடிக்கடி நடப்பதுதான். ஐ.சி.சி. (ஒரே பிள்ளையின் இரண்டு அளவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்கிற உள்வகுப்பு ஒட்டுறவு) போடுங்கள், அதிலும் முழுப் பொருத்தத்தை அளக்கிற வகையைத் தேர்ந்தெடுங்கள் (மென்பொருளில் இரண்டு வகையும் இருக்கும், வெறும் ஒத்திசைவைப் பார்க்கிற வகை இந்த இறக்கத்தைக் கண்டுகொள்ளாது). கூடவே பிளாண்ட்-ஆல்ட்மன் படம் ஒன்று: ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பதிலின் சராசரி கிடைக்கோட்டில், வித்தியாசம் செங்குத்தில், சராசரி வித்தியாசத்துக்கு மேலும் கீழும் 1.96 திட்டவிலக்கத் தூரத்தில் ஒவ்வொரு கோடு (திட்டவிலக்கம் என்பது வித்தியாசங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு). அதைப் பார்த்தவுடனே, அதிகமாகச் சாப்பிடுவதாகச் சொல்கிற பிள்ளைகளிடம் மட்டும் புள்ளிகள் சிதறுகின்றனவா, எல்லோரிடமுமா என்பது தெரிந்துவிடும்.

பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். 30 பேரை வைத்து 0.6 என்று ஒரு ஒட்டுறவு வந்தால் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை) சுமார் 0.31 முதல் 0.79 வரை. அதாவது மோசம் என்பதிலிருந்து நன்று என்பது வரை எதுவாகவும் இருக்கலாம். 100 பேர் என்றால் 0.46 முதல் 0.71 வரை சுருங்கும்.

அறிகுறி: ஆல்ஃபா குறைவு, அல்லது எதிர்க்குறி, அல்லது சந்தேகப்படும் அளவுக்கு உச்சம்

ஆல்ஃபா என்பது ஒரு பகுதியில் உள்ள கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்கிற எண், அதற்கு மறுசோதனை தேவையில்லை. எதிர்க்குறி வந்தால், 'இனிப்புப் பானம் எனக்கு வேண்டும்' மாதிரி திருப்பிப் போட்ட கேள்வியின் மதிப்பெண்ணைத் திருப்பாமல் விட்டிருப்பீர்கள். திருப்புங்கள், சரியாகிவிடும்.

குறைவாக வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கேள்விகளுக்கு ஆல்ஃபா போடலாமா என்பதைத்தான். பழம், பால், முட்டை, பருப்பு எத்தனை தடவை சாப்பிட்டாய் என்ற பட்டியலில் ஒன்றை அதிகம் சாப்பிடுகிறவர் மற்றதையும் அதிகம் சாப்பிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே ஆல்ஃபா குறைவாக வருவது குறையே இல்லை. ஆல்ஃபா என்பது 'ஆரோக்கியமாகச் சாப்பிட என்னால் முடியும் என்ற நம்பிக்கை' மாதிரி ஒரே விஷயத்தைப் பல கேள்வியால் தொடுகிற பகுதிக்குத்தான். உணவுப் பட்டியலுக்கு மறுசோதனைதான் வழி.

உச்சத்தைப் பற்றி: ஆல்ஃபா கேள்விகளின் எண்ணிக்கையோடு ஏறும். கேள்விகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 இருந்தாலே, 5 கேள்விக்கு 0.56, 10 கேள்விக்கு 0.71, 20 கேள்விக்கு 0.83 வந்துவிடும். 0.95க்கு மேல் போனால் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதியை வெட்டினால் பிள்ளைகளுக்கும் நல்லது.

அறிகுறி: பெரிய வகுப்பில் நன்றாக இருக்கிறது, சின்ன வகுப்பில் உடைகிறது

தன் சாப்பாட்டைத் தானே சொல்கிற திறன் ஏறக்குறைய 7, 8 வயதில்தான் வேகமாக வளர ஆரம்பிக்கிறது. அதுவும் கடந்த ஒரு நாளைப் பற்றித்தான். 10 முதல் 12 வயதில் ஓரளவு தனியாகவே சொல்லிவிடுவார்கள். பல நாடுகளில் நடக்கிற எச்.பி.எஸ்.சி. என்ற பள்ளி மாணவர் ஆய்வு 11, 13, 15 வயதினரிடம் வகுப்பறையிலேயே படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறது. அதே படிவத்தை 7 வயதுப் பிள்ளையிடம் நீட்டிவிட்டு நம்பகத்தன்மை இல்லை என்று சொல்வது நியாயமில்லை. 'வழக்கமாக வாரத்தில் எத்தனை நாள்' என்பது ஒரு சராசரிக் கணக்கு. அதைப் பிள்ளை மனதுக்குள் போட வேண்டியிருக்கிறது.

இங்கே படிவத்தைத் திருத்தத்தான் வேண்டும், ஆனால் எப்படித் திருத்துவது என்பதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். சில பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி, 'இது என்ன கேட்கிறது, உன் சொல்லிலேயே சொல்லு பார்ப்போம்' என்று கேட்டாலே பாதிப் பிழை வெளியே வந்துவிடும். பழம் எத்தனை தடவை என்ற கேள்விக்கு முதல் சுற்றில் 14 என்றும் மறு சுற்றில் 1 என்றும் எழுதுகிற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கணக்கில் அது மிகப் பெரிய முரண்பாடு. கேட்டால், முதல் தடவை சாப்பிட்ட திராட்சையை எண்ணியிருக்கிறது, இரண்டாம் தடவை ஒரே வேளையில் சாப்பிட்டதால் 1 என்று போட்டிருக்கிறது. ஞாபகத்தில் எந்தக் குறையும் இல்லை. கேள்வி எதை எண்ணச் சொல்கிறது என்று சொல்லவே இல்லை.

'நேற்று முழுக்க' என்று மொத்தமாகக் கேட்பதைவிட நாளைத் துண்டு துண்டாகக் கேளுங்கள்: எழுந்ததும், பள்ளிக்கு வரும் வழியில், இடைவேளையில், மதியம், வீட்டுக்குப் போனதும், விளையாடிவிட்டு வந்து, படுக்கும் முன். பிள்ளைகள் நிகழ்ச்சியை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். சாப்பிட்டதற்கும் கேட்பதற்கும் நடுவில் நேரம் குறைவாக இருந்தால் நினைவும் தெளிவாக இருக்கும். பெற்றோரிடம் கேட்டுவிடலாம் என்று மொத்தமாக மாறிவிடவும் வேண்டாம், பள்ளியில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைப்பது சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல வழி.

அறிகுறி: ஒரு வகுப்பு மட்டும் அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது

பக்கத்து இருக்கையைப் பார்த்து எழுதியிருப்பார்கள், அல்லது ஆசிரியர் மேசைமேசையாக நடந்து 'காய்கறி தினமும் சாப்பிட வேண்டும் இல்லையா' என்று ஒரு வார்த்தை விட்டிருப்பார். தாள்களை இருக்கை வரிசையில் அடுக்கி, அடுத்தடுத்த தாள்கள் வரிக்கு வரி ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்ட தாள்களையும் எண்ணுங்கள், அவை மறுசோதனை எண்ணை வீணாக உயர்த்தும். அடுத்த முறை வழிமுறையை எழுதி வைத்து எல்லா வகுப்பிலும் அதையே வாசியுங்கள். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் அந்த நேரம் அறைக்கு வெளியே இருப்பது நல்லது.

அறிகுறி: உயரங்கள் எல்லாம் 0 அல்லது 5இல் முடிகின்றன

உயரம், எடையும் எடுக்கிற கணக்கெடுப்பு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வரை அளந்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். 0வும் 5உம் சேர்ந்து பாதிக்கு மேல் வந்தால் அளப்பவர் உத்தேசமாக எழுதுகிறார் என்று அர்த்தம். களத்துக்குப் போகும் முன்பே அளப்பவர்கள் ஒவ்வொருவரும் 10 பிள்ளைகளை இரண்டு தடவை அளக்கட்டும், முதல் அளவைப் பார்க்காமல். வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, பிள்ளைகளின் எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். வர்க்கங்களின் கூட்டல் 1.8 என்றால் 1.8ஐ 20ஆல் வகுத்து 0.09, மூலம் 0.3 சென்டிமீட்டர். இதுதான் அளவைப் பிழை. ஒருவருக்கு மட்டும் இது மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தால் அவருக்கு மறுபடி பயிற்சி தேவை. காலையில் அளந்த உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறையலாம், அதனால் இரண்டு சுற்றும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். தலையில் கொண்டை, காலில் காலணி இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: எல்லா எண்ணும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை

உங்கள் சந்தேகம் சரியாக இருக்கலாம். இரண்டு தடவையும் ஒரே பொய்யைச் சொன்னாலும் மறுசோதனை எண் உயர்வாகவே வரும். பழம் நல்லது, இனிப்புப் பானம் கெட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எதை எழுதினால் பெரியவர்கள் மெச்சுவார்கள் என்பதும் தெரியும். இதை மேலே சொன்ன எந்த எண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.

பள்ளியில் மதிய வேளை ஒன்றில், பயிற்சி பெற்றவர்கள் சில பிள்ளைகள் என்ன எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று ஓரமாக நின்று குறித்துக்கொள்ளட்டும். எந்தப் பிள்ளையைப் பார்க்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியக் கூடாது (பெற்றோரின் அனுமதி முன்பே வாங்கியிருக்க வேண்டும்). பிறகு அதே பிள்ளையிடம் படிவத்தைக் கொடுத்து ஒப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் விட்டவை ஒரு பத்தி, சாப்பிடாமலே சாப்பிட்டதாகச் சொன்னவை இன்னொரு பத்தி. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக ஆக்கிவிடாதீர்கள், ஒன்று மற்றதை அடித்துவிட்டு மொத்தம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். சொல்லாமல் விட்டவை அதிகம் என்றால் நினைவூட்டும் துணைக்கேள்விகளைச் சேருங்கள். சாப்பிடாததைச் சொன்னது அதிகம் என்றால் தாளின் முகப்பிலும் வகுப்பில் சொல்கிற அறிமுகத்திலும் 'ஆரோக்கியம்', 'நல்ல உணவு' என்று வருகிற வார்த்தைகளை எடுத்துவிட்டு, இது தேர்வு இல்லை, சரி தவறு என்று எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லி, இன்னொரு குழுப் பிள்ளைகளிடம் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.